எந்தப் பங்கு என்பது கடைசிக் கேள்வி: சொந்தச் சேமிப்பைத் தாமே நிர்வகிப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “எந்தப் பங்கை வாங்கலாம்?” ஆசிரியர், படகுக்காரர், நிலாவெளியில் விடுதி நடத்துபவர், மகன் அனுப்பும் காசைக் காத்து வைத்திருக்கும் தாய் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. நான் தரகர் அல்லன். யாருக்கும் எதையும் விற்பதில்லை. கணக்கெழுதிப் பிழைத்தவன். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் எந்த இடத்தில் இடறினார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து, எதை எதற்குப் பின் செய்ய வேண்டும் என்று ஓர் ஒழுங்கு மனத்தில் படிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. தமிழில் கிடைக்கும் முதலீட்டு யூடியூப் விளக்கங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சொல்லப்படும் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகை போடுவது), நிஃப்டி (இந்தியப் பங்குச் சுட்டெண்), பிபிஎஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம்), வரிச் சலுகைகள் எல்லாம் இந்தியாவுக்கு உரியவை. மூன்று மாதம் அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்த ஒரு தம்பி, இங்கே டிமாட் கணக்கு எந்த வங்கியில் திறப்பது என்று கேட்டார். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் அந்தக் கணக்கின் இடத்தில் இங்கே இருப்பது சிடிஎஸ் கணக்கு. பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுக்கு நிகரானது அலகு நம்பிக்கை நிதியம். பிபிஎஃப்புக்கு நிகர் எதுவும் இல்லை. கேட்பதைக் கேளுங்கள், செய்வதற்கு முன் அது இலங்கையில் உண்டா என்று பாருங்கள்.

1. மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு சீ.ஆர். கொப்பி, தேசிய அடையாள அட்டை, எல்லா வங்கிப் புத்தகங்கள், வைப்புச் சான்றிதழ்கள், அடகுச் சீட்டுகள், ஊழியர் சேமலாப நிதியின் கடைசி அறிக்கை, டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம். டின் இல்லாவிட்டால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிந்து பெற்றுக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல படிகள் அதைக் கேட்கும்.

இவற்றைத் தேடி எடுக்கவே அரைநாள் போகும். போகட்டும். கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கணக்குத் திறக்கப் போனவர்களே பாதியில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

2. இருப்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

கொப்பியில் நான்கு நிரல்கள் போடுங்கள்: என்ன, எவ்வளவு, யாருடைய பெயரில், எப்போது கைக்கு வரும். கடைசி நிரல்தான் முக்கியம். அடுத்த படிகள் அதிலிருந்தே பிறக்கின்றன.

இங்கே நடக்கும் பிழைகள் எனக்கு மனப்பாடம். குடியிருக்கும் வீட்டை முதலீடாக எழுதுவார்கள். விற்கப்போவதில்லை என்றால் அதை வேறு பக்கத்தில் எழுதுங்கள். நகையைக் கடையில் வாங்கிய விலைக்கு எழுதுவார்கள். விற்கப் போனால் கூலியும் சேதாரமும் திரும்பி வராது. கட்டிக்கொண்டிருக்கும் சீட்டை முழுத்தொகையாக எழுதுவார்கள். கட்டிய தொகையை மட்டும் எழுதுங்கள், அதற்குப் பக்கத்தில் சீட்டுப் பிடிப்பவரின் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பணத்துக்கு இருக்கும் ஒரே உத்தரவாதம் அந்தப் பெயர்தான்.

3. கடனை முதலில் தீருங்கள்

வங்கியில் நூற்றுக்கு 8 வட்டிக்கு வைப்பும், அதே வீதியில் நூற்றுக்கு 15 வட்டிக்கு அடகும் வைத்திருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். “வைப்பை உடைக்க மனம் வரவில்லை” என்பார்கள். நகையை மீட்பதே நூற்றுக்கு 15 தரும் முதலீடு. அதில் வரியும் இல்லை, ஆபத்தும் இல்லை. கடனட்டை நிலுவை இருந்தால் அது இன்னும் அவசரம். இந்தப் படியைத் தாண்டிப் பங்குக்குப் போகிறவருக்கு மேற்கொண்டு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

4. பணத்தைத் தேவைப்படும் நாளால் பிரியுங்கள்

மூன்று குவியல்கள். ஒரு வருடத்துக்குள் தேவைப்படுவது, ஒன்று முதல் ஐந்து வருடத்துக்குள் தேவைப்படுவது, ஐந்து வருடத்துக்கு அப்பால் தேவைப்படுவது. எங்கே போடுவது என்பதைக் குவியல்தான் முடிவு செய்யும். அடுத்த ஆனியில் மகளுக்குக் கல்யாணம் என்றால் அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போகக்கூடாது. சந்தை விழுந்தால் எழும்பும்வரை பொறுக்கலாம். முகூர்த்த நாள் பொறுக்காது.

கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். மூன்று முதல் ஆறு மாதம் என்பது பொதுவான பதில். அது மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். நம் ஊரில் பலருடைய வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் சித்திரை தொடங்கிப் புரட்டாதிவரை உழைக்கும். மாரி இறங்கிவிட்டால் அறைகள் பூட்டுத்தான். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் படகு கரையில் கிடக்கும். இப்படிப்பட்டவர் வருமானமே இல்லாத மாதங்களின் செலவை முதலில் எடுத்துவைத்து, அவசரத்துக்கான பணத்தை அதற்கு மேல் தனியாக வைக்க வேண்டும்.

மூன்று அறை வைத்து நடத்தும் ஓர் அக்காவின் கணக்கை நாங்கள் உட்கார்ந்து போட்டோம். வீட்டுச் செலவு மாதம் 80,000 ரூபாய். வருமானமற்ற ஐந்து மாதத்துக்கு 4 இலட்சம். அவசரத்துக்கு இன்னும் மூன்று மாதம், 2 இலட்சத்து 40 ஆயிரம். ஆக 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்குப் பிறகுதான் அவருக்கு முதலீடு தொடங்குகிறது. அவர் அதுவரை நினைத்திருந்தது 2 இலட்சம்.

5. பங்குக்கு எவ்வளவு என்பதைச் சந்தை அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள்

கொழும்புப் பங்குச் சந்தையின் விலைப் போக்கை ஒரே எண்ணில் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020 முடிவில் 6,774 அளவில் இருந்தது. 2021 முடிவில் 12,226. ஒரே வருடத்தில் எண்பது வீதம். அப்போதுதான் விறாந்தையில் கூட்டம் கூடியது. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. பிறகு நாடு நொடித்தது. ஏப்ரலில் சந்தையையே ஐந்து நாள் மூடி வைத்தார்கள். அந்த வருடம் முடியும்போது சுட்டெண் 8,490 அளவுக்கு இறங்கியிருந்தது. 2024 முடிவிலோ 15,900ஐத் தாண்டி நின்றது.

விழுந்தபோது விற்றவருக்கு 2024 உதவவில்லை. நானும் அந்த ஜனவரியில் ஒருவர் சொல்லைக் கேட்டு ஒரு பங்கை வாங்கி, ஜூனில் மனம் உடைந்து விற்றேன். அன்று நான் செய்த பிழை விற்றதில் இல்லை. விழுந்தால் என்னால் தாங்க முடியாத அளவுக்கு வாங்கியதில் இருந்தது.

ஆகவே ஒரு சோதனை. பங்குக்கு ஒதுக்க நினைக்கும் தொகையை எழுதி, அதில் மூன்றிலொன்றை வெட்டுங்கள். மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் நித்திரை கொள்ள முடியுமா? முடியாதென்றால் ஒதுக்கீட்டைக் குறையுங்கள். முதல் முறையாக வருபவர் மூன்றாவது குவியலில் காற்பங்குக்கு மேல் பங்கில் போட வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

6. வைப்பும் திறைசேரி உண்டியலும்: பிழைகள் அதிகம் நடக்கும் இடம்

பங்கைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பவர், நிலையான வைப்பைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் பெரும்பாலானோரின் பணம் இருப்பது அங்கேதான்.

முதலாவது, காப்புறுதி. வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்தால் இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை தரும். ஒரு நிறுவனம் என்றால் அதன் எல்லாக் கிளைகளும் சேர்த்துத்தான். திருகோணமலைக் கிளையில் 10 இலட்சமும் மூதூர்க் கிளையில் 10 இலட்சமும் போட்டுவிட்டு இரண்டுக்கும் காப்புறுதி உண்டென்று நிம்மதியாக இருந்த ஓர் ஓய்வுபெற்ற அதிபரை எனக்குத் தெரியும். கிளையை மாற்றிப் பயனில்லை. நிறுவனத்தை மாற்ற வேண்டும். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு மட்டும் அரசின் முழு உத்தரவாதம் சட்டப்படி உண்டு.

இரண்டாவது, உரிமம். மற்றவர்களைவிட இரண்டு மூன்று வீதம் கூடுதல் வட்டி என்று யாராவது சொன்னால், அந்த நிறுவனத்தின் பெயர் இலங்கை மத்திய வங்கியின் உரிமம் பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆள் சேர்த்தால் காசு என்று சொல்லும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டவை. கொண்டுவருபவர் சொந்த மச்சானாக இருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாவது, வரி. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். நூற்றுக்கு 8 என்று பலகையில் இருப்பது கையில் 7.2 ஆகத்தான் வரும். ஆனால் வருட வருமானம் எல்லாம் சேர்த்து 18 இலட்சத்தைத் தாண்டாதவர் டின் இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். வட்டியில் வாழும் முதியவர்கள் பலர் இதைக் கொடுக்காமலே இருக்கிறார்கள். வரி வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது. படிவத்தையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் முதிரும் ஒரே வைப்பாகப் போடுவது. 12 இலட்சம் இருந்தால் 3 இலட்சமாக நான்கு ஒரு வருட வைப்புகள், மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி போடுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். வட்டி ஏறினால் மூன்று மாதத்துக்குள் ஒரு பகுதியாவது ஏறிய வட்டிக்குப் போகும். 2022 தொடக்கத்தில் இருந்த குறைந்த வட்டிக்கு முழுப் பணத்தையும் இரண்டு வருடத்துக்குக் கட்டிப்போட்டவர்கள், அந்த வருடக் கடைசியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம்.

திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கம் உங்களிடம் வாங்கும் குறுங்காலக் கடன். 91, 182, 364 நாள் என்று மூன்று வகை. வாராவாரம் ஏலம் நடக்கும். வட்டி தனியாக வராது. குறைத்து வாங்கி முழுதாகப் பெறுவீர்கள். போட்ட பணத்துக்கு வருடத்தில் 8 வீதம் கிடைக்கும் கணக்கில், 364 நாளில் ஒரு இலட்சம் தரும் உண்டியலை இன்று ஏறத்தாழ 92,600 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். மத்திய வங்கி நியமித்த முதனிலை வணிகர்கள் ஊடாகவும் வங்கிகள் ஊடாகவும் வாங்கலாம். வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம்: தருவது உண்டியலா, மீள்கொள்வனவு உடன்படிக்கையா? இரண்டாவது, அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கொடுக்கும் கடன். உண்டியல் அதற்குப் பிணை மட்டுமே.

7. கணக்குத் திறக்கும் ஒழுங்கு

முதலில் உங்கள் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. பிறகு தரகு நிறுவனத்தைத் தெரிவு செய்து அதன் ஊடாக சிடிஎஸ் கணக்கு. பங்குச் சந்தையின் கைபேசிச் செயலியிலேயே இதைச் செய்யலாம், கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

நம்மவர்கள் தடக்குவது பெயரில். அடையாள அட்டையில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும், பிறப்புச் சான்றிதழில் வேறொரு ஆங்கில எழுத்துக்கூட்டல். ‘ழ’வை ஒரு கந்தோரில் ஒரு விதமாகவும் மற்றக் கந்தோரில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். விண்ணப்பம் திரும்பி வரும். எனவே முதலில் வங்கிப் பெயரை அடையாள அட்டையோடு ஒக்கத் திருத்துங்கள். தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்கட்டும். தொலைபேசிக் கடைத் தம்பியின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அறிக்கை வரவில்லை என்று வருந்தியவர்கள் உண்டு.

கடவுச்சொல்லைத் தரகு நிறுவன ஆலோசகருக்கும் சொல்லக்கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு வருமானம் நீங்கள் வாங்குவதிலும் விற்பதிலும் இருந்து வருகிறது.

8. முதல் கொள்வனவு

இப்போதுதான் அந்தக் கடைசிக் கேள்வி. எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. எதைத் தவிர்ப்பது என்று சொல்கிறேன். உங்கள் பிழைப்பு எந்தத் தொழிலில் இருக்கிறதோ, அதன் பங்கைக் குறைவாக வாங்குங்கள். விடுதி நடத்துபவருக்கு ஹோட்டல் பங்கு நன்றாகப் புரியும். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின்னும் 2020 கொரோனாவிலும் அவருடைய அறைகள் வெறுமையான அதே நாட்களில்தான் அந்தப் பங்குகளும் விழுந்தன. வங்கி ஊழியர் தன் சம்பளம், வைப்பு, பங்கு மூன்றையும் ஒரே வங்கியில் வைத்திருப்பதும் இதே கதைதான். நிறுவனங்களைப் படிக்க நேரமில்லாதவர் அலகு நம்பிக்கை நிதியத்தில் சேரலாம். வருடக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சந்தை திங்கள் முதல் வெள்ளிவரை காலை 9.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 2.30க்கு முடியும், விடுமுறை நாட்களில் இல்லை. பட்டியலிட்ட நிறுவனங்கள் முந்நூறுக்கும் குறைவு. அவற்றில் பலவற்றில் நாளுக்குச் சில நூறு பங்குகள்கூடக் கைமாறுவதில்லை. திரையில் வாங்குவோர் 48.00 என்றும் விற்போர் 50.50 என்றும் நிற்பார்கள். “சந்தை விலைக்கு வாங்கு” என்று கட்டளை கொடுத்தால் 50.50க்கு வாங்கி, அடுத்த நிமிடமே 48க்குத்தான் விற்கக்கூடிய நிலையில் இருப்பீர்கள். விலையை நீங்களே குறித்துக் கட்டளை கொடுங்கள். கிடைக்காவிட்டால் நாளை பாருங்கள்.

செலவைக் கணக்கிடுங்கள். 10 கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்குத் தரகும் ஏனைய கட்டணங்களும் சேர்த்து 1.12 வீதம், வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. 40 ரூபாய்க்கு ஆயிரம் பங்கு வாங்கி 44க்கு விற்றவர் “நூற்றுக்குப் பத்து இலாபம்” என்பார். வாங்கியது 40,448 ரூபாய். விற்றுக் கைக்கு வந்தது 43,507. இலாபம் 3,059, அதாவது ஏழரை வீதம். இடையில் பங்கிலாபம் (நிறுவனம் தன் இலாபத்தில் பங்குதாரருக்குத் தருவது) ஏதும் வராமல் அதற்கு இரண்டு வருடம் காத்திருந்தார் என்றால், வருடத்துக்கு நான்கு வீதமும் இல்லை. வாங்கி வாங்கி விற்பவரின் கணக்கில் தரகுக்கும் கட்டணங்களுக்கும் போவது எவ்வளவு என்று இதிலிருந்து விளங்கும்.

ஒதுக்கிய தொகையை ஒரே நாளில் போடாமல் நான்கைந்து மாதத்தில் பிரித்துப் போடுங்கள். இதனால் இலாபம் கூடும் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவையே உச்சத்தில் வாங்கி மனம் ஒடிந்துபோகாமல் இருக்கலாம்.

9. வருடத்தில் இரண்டு நாள்

விலையை நாளுக்கு நாலு தடவை பார்ப்பவர் கடைசியில் ஏதாவது செய்துவிடுவார். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிந்திய வாரத்தில் ஒரு நாள், மாரிக்கு முன் ஐப்பசியில் ஒரு நாள் போதும். கொப்பியில் புதிய பக்கம் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எழுதுங்கள்.

வைப்பில் 7 இலட்சமும் பங்கில் 3 இலட்சமும் வைத்துத் தொடங்கியவரின் பங்குகள் நாலரை இலட்சமாகியிருந்தால், 30 வீதம் என்று வைத்தது 39 ஆகிவிட்டது. உடனே விற்க வேண்டாம், கட்டணம் போகும். அடுத்து வரும் சேமிப்பை வைப்புப் பக்கம் போட்டாலே விகிதம் மெல்லத் திரும்பும். ஒரு வருடத்தில் திரும்பாவிட்டால் விற்கலாம்.

அன்றே வந்த தபாலையும் மின்னஞ்சலையும் தேடிப் பாருங்கள். ஆனால் உரிமைப் பங்கு வழங்கல் என்று வரும் கடிதத்தை மட்டும் அந்த நாள்வரை வைத்திருக்கக்கூடாது. இருக்கும் பங்குதாரருக்குக் குறைந்த விலையில் புதிய பங்கு தரும் அழைப்பு அது. கடைசித் திகதி உண்டு. பணமில்லாவிட்டால் அந்த உரிமையைச் சந்தையில் விற்கலாம். ஒன்றுமே செய்யாதவருக்குத்தான் நட்டம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அந்தக் கடிதத்தைத் தண்ணீர்க் கட்டண ரசீதுகளோடு சேர்த்து லாச்சிக்குள் போட்டிருந்தார். நாங்கள் பிரித்தபோது திகதி தாண்டி ஐந்து வாரம்.

பங்கிலாபம் வந்ததும் எழுதுங்கள். 15 வீத வரி பிடித்துக்கொண்டுதான் வரும். அதற்கு உரிமை நீங்கும் நாளில், அதாவது அன்று முதல் வாங்குபவருக்கு அந்தப் பங்கிலாபம் கிடைக்காது என்னும் நாளில், பங்கு விலை அந்த அளவுக்கு இறங்குவது வழக்கம்; அதைப் பார்த்துப் பயந்து விற்க வேண்டாம்.

10. வீட்டில் இன்னொருவருக்குக் காட்டுங்கள்

வங்கிக் கணக்குகளிலும் வைப்புகளிலும் பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பின் அந்தப் பணத்தைப் பெறுபவர்) பெயர் இருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். பழைய கணக்குகள் பலவற்றில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது இறந்துபோன தாயின் பெயர் இருக்கும். சிடிஎஸ் கணக்கைத் துணைவரோடு கூட்டாகவும் திறக்கலாம்.

பிறகு கொப்பியின் முதல் பக்கத்தில் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, தரகு நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் என்ன, சான்றிதழ்கள் எந்த அலுமாரியில் என்று எழுதி, கணவனோ மனைவியோ மகளோ யாராவது ஒருவரை உட்கார வைத்து அரைமணி நேரம் காட்டுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கொப்பி சாமியறையில், பஞ்சாங்கத்துக்குக் கீழே இருக்கிறது; தேட வேண்டிய நாளில் முதலில் கை போகும் இடம் அதுதான் என்று மனைவி சொன்னார்.